சிறைக்குத் திரும்பிய வேந்தன்

மேனாட்டு வீரக் கதைகளிற் 'பலடின்' என்றொரு சொல் அடிக்கடி வழங்கும். இலத்தீன் மொழியில் அரண்மனையைச் சேர்ந்தவன் என்னும் பொருளுடைய சொல்லொன்றினின்று பிறந்த இப்பெயர், முதலிற் பேரரசன் சாளிமேனின் அவைக்களத்து வீரர் பன்னிருவரையே குறித்தது. 778 ஆம் ஆண்டிற் பிரனீசு மலைக்கணவாயில் வீழ்ந்த உரோலந்து அவருள் தலையாயவன். காலஞ் செல்லச்செல்ல, கொண்ட விரதம் வழுவாதவன், கொடுத்த வாக்கைப் பகைவனிடத்துங் காப்பவன், எளியோரைப் புரப்பவன் என்றெல்லாம் இச்சொல்லின் பொருள் விரிந்தது. இக்காலத்துக் கற்பனைக் கதைகளிலும் சித்திரத் தொடர்களிலும் இத்தகைய விரதவீரன் ஒருவனை நாடாளும் அரசனாக்கி, அவன் படும் இடர்களைக் காட்டுதல் பெருவழக்காயுள்ளது. கதையில் அவனை நாம் எளிதில் விரும்பிவிடுகின்றோம். ஆயின், அத்தகைய ஒருவன் மெய்யாகவே அரியணையில் அமர்ந்தால் அவன் குடிகளுக்கு என்ன நேரும்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர் பதினான்காம் நூற்றாண்டுப் பிரான்சிய வேந்தன் இரண்டாம் யோனின் வரலாற்றைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது.

யோன் 1319 ஆம் ஆண்டிற் பிறந்தவன். 1350 ஆம் ஆண்டில் தந்தை ஆறாம் பிலிப்பு இறந்தபின் ரேம்சு நகரில் முடிசூடினான். புனிதன் எனத் திருச்சபையாற் போற்றப்பட்ட ஒன்பதாம் லூயி அவனுக்குப் பூட்டனின் தந்தை. வரலாற்றில் அவனுக்கு வழங்கும் அடைமொழி 'நல்லவன்' என்பது. இவ்வடைமொழி பலரை மயக்கியுள்ளது. பிரான்சிய மொழியில் அதற்குரிய சொல் அக்காலத்தில் அறவொழுக்கத்தை மட்டுமன்றி, வீரம், பெருந்தன்மை, கொடை என்பவற்றையுங் குறித்தது. 'நல்ல பரிவீரன்' என நாம் அதனைப் பெயர்த்தால் வழு நேராது. பாரிசு மாநகரின் லூவர் கலைக்கூடத்தில் அவன் உருவம் தீட்டிய சிறு பலகையொன்று இன்றும் உண்டு. பக்கவாட்டில் நோக்கிய முகம், நீண்ட மூக்கு, செந்நிறத் தாடி, தலையில் முடியில்லை. மேற்கு ஐரோப்பாவில் தனியொருவரின் உருவத்தை மட்டும் வரைந்த பழைய ஓவியங்களுள் முதன்மையானதாக அதனைக் கலைவரலாற்றாசிரியர் கொள்வர்.

அவன் அரசேற்ற காலம் பொல்லாத காலம். நூறாண்டு யுத்தம் 1337 இலே தொடங்கிவிட்டது. 1346 இற் கிரெசிக் களத்தில் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேட்டின் வில்லாளர் பிரான்சியப் பரிவீரரைக் கொன்று குவித்தனர். அடுத்த ஆண்டிற் கலே துறைமுகம் வீழ்ந்தது. 1348 இற் கொள்ளைநோய் வந்தது. யோனின் முதல் மனைவி போனும் அந்நோய் நாட்டை வாட்டிய காலத்திலேயே 1349 இல் இறந்தாள். அவள் தந்தை, பொகீமியாவின் குருட்டு மன்னன், கிரெசிக் களத்தில் மாண்டவன். ஆகவே தோல்வியும் சாவும் சூழ்ந்த வீட்டிலிருந்தே இம்மன்னன் அரியணைக்கு வந்தான் எனல் வேண்டும்.

தோல்விக்கு அவன் கண்ட மருந்து யாது? படைக்கலனை மாற்றுதலன்று, போர்முறையை ஆராய்தலுமன்று. வீரரின் மானத்தைப் புதுப்பித்தலே என அவன் கருதினான். எட்வேட்டு சில ஆண்டுகளுக்கு முன்னர் நிறுவிய காட்டர் வீரர்குழுவுக்கு எதிராக, 1351 இல் 'விண்மீன் வீரர்குழு' என்னும் அமைப்பை ஏற்படுத்தினான். அதன் முதல் விழா 1352 சனவரி 6 ஆந் திகதி பாரிசுக்கு அண்மையிலுள்ள செந்துவாங் மாளிகையில் நிகழ்ந்தது. 500 வீரரைச் சேர்ப்பது திட்டம். அவர்கள் களத்தில் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மேற் பின்வாங்குவதில்லை என்றும், வெல்லுதல், மாளுதல், அகப்படுதல் அல்லாத நான்காவது வழியை நாடுவதில்லை என்றும் உறுதி எடுத்தனர் என்ப. அதே ஆண்டு ஆகத்து மாதத்திற் பிரித்தானி நாட்டு மோரோன் களத்தில் இவ்வுறுதி சோதிக்கப்பட்டது. பின்வாங்கி உயிர்தப்பியிருக்கக்கூடிய வீரர் பின்வாங்காது நின்றனர்; அக்குழுவினருள் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என அக்கால ஆசிரியர் எழுதிவைத்தனர். குழு அதன்பின் தலையெடுக்கவில்லை. வாக்கைக் காத்தவர் அனைவரும் புதைகுழி சென்றமையால் வாக்கின் நோக்கமே கெட்டது. பின்னாளில் யோனுக்கு நேர்ந்ததெல்லாம் இச்சிறு நிகழ்ச்சியில் முன்னரே எழுதப்பட்டிருந்தது போலத் தோன்றுகின்றது.

அம்மன்னனின் மானத்தைப் பற்றிப் பேசுமுன் அதன் மறுபக்கத்தையும் ஈண்டு நோக்குதல் முறையாகும். முடிசூடிய ஆண்டிலேயே, இங்கிலாந்துச் சிறையினின்று மீண்டுவந்த படைத்தலைவன் இயூ நகரத்துக் கோமகன் இராவுலை வெளிப்படையான விசாரணையின்றித் தலைவெட்டுவித்தான். 1356 ஏப்பிரில் மாதத்தில் உரூவான் கோட்டையில், தன் மூத்த மகன் சாள்சு அளித்த விருந்தினிடையே படைக்கலந் தாங்கியவனாய்த் தானே நுழைந்து, தன் மருமகனும் நவார் நாட்டரசனுமாகிய சாள்சைப் பற்றிச் சிறைசெய்தான். உடனிருந்த ஆர்க்கூர் கோமகனும் வேறு மூவரும் அன்றே வெட்டுண்டனர். நவார் மன்னன் சூழ்ச்சிக்காரன்; மன்னனுக்கு உயிர்த்தோழனாயிருந்த படைத்தலைவன் ஒருவனைக் கொல்வித்தவன். அவன்மீது யோன் கொண்ட சினத்துக்குக் காரணமில்லாமலில்லை. எனினும், மகனின் விருந்தினரை உணவு மேசையிலிருந்து கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லுதல் எந்தப் பரிவீரர் நூலிலும் விதிக்கப்பட்டதன்று.

பின்னாளில் எழுந்த கதையொன்று உண்டு. போருக்குமுன் வீரர் உரோலந்தின் பாடலைப் பாடக் கேட்ட யோன், இக்காலத்தில் உரோலந்துகள் யாருமில்லையே என இகழ்ந்தானாம். அதற்கு முதியவீரன் ஒருவன், தலைமையிற் சாளிமேன் இருப்பானாயின் உரோலந்துகளுக்குப் பஞ்சமிராது என விடையிறுத்தானாம். இஃது உண்மை நிகழ்ச்சியெனக் கொள்ளுதற்கில்லை. ஆயினும் இம்மன்னனைப் பற்றி இக்கதை எழுந்தமை கவனிக்கத்தக்கது. அவன் தனக்கெனத் தேர்ந்துகொண்ட இடம் சாளிமேனின் இடமன்று, உரோலந்தின் இடமே என்பதைக் கதை கட்டியவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

1356 செத்தெம்பர் 19 ஆந் திகதி புவாத்தியே நகருக்கு அண்மையில் அந்த இடம் அவனுக்குக் கிடைத்தது. எட்வேட்டின் மகனாகிய கறுப்பு இளவரசன் ஏறக்குறைய 6,000 வீரருடன் கொள்ளைப் பொருளைச் சுமந்துகொண்டு போர்தோவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தான். யோனின் படை அதற்கு ஏறக்குறைய இரு மடங்கு. முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை, கருதினால் தலெராந்து இரு பாசறைகளுக்குமிடையே நாள் முழுவதும் அலைந்து சமாதானம் பேசினார். இளவரசன் கைப்பற்றியவற்றைத் திருப்பிக் கொடுத்து, சில ஆண்டுகளுக்குப் போர்செய்யாதிருப்பதாகவும் உறுதிகூற முன்வந்தான் என அக்கால வரலாற்றாசிரியர் புருவாசார் கூறுவர். யோன் அதனை ஏற்கவில்லை. உணவுத் தட்டுப்பாட்டில் வாடிய ஒரு படையை வெறுமனே சூழ்ந்து கிடந்தாலே வென்றிருக்கலாம். அதுவும் அவனுக்கு உவப்பாயில்லை.

மறுநாட் போரின் விவரங்களை விரித்தல் இக்கட்டுரைக்கு வேண்டியதன்று. பரிவீரரைக் குதிரையினின்றிறக்கிக் கனத்த கவசத்துடன் மேட்டை நோக்கி நடக்கவிட்டான் மன்னன். வேலியும் திராட்சைத் தோட்டமும் வில்லாளருக்கு அரணாயின. பட்டத்து இளவரசன் சாள்சின் அணி உடைந்து விலகியது. மன்னனின் தம்பி ஓர்லியன்சுக் கோமகனின் அணி போரிடாமலே நீங்கியது. எஞ்சிய தன் அணியுடன் யோன் முன்னேறினான். கையிற் போர்க்கோடரி, அருகில் 14 வயதுடைய கடைசி மகன் பிலிப்பு, வலமும் இடமும் வரும் அடிகளைத் தந்தைக்குக் கூவி உணர்த்திக்கொண்டு நின்றான் என்பர். பரிவீரர் அறத்தைப் பற்றி நூலெழுதிய சார்னிப் பிரபு செவ்வியோ, அரசின் புனிதக் கொடியைக் கைவிடாது மன்னனருகிலே மாண்டார். முகத்திற் புண்பட்ட மன்னன், ஆங்கிலருடன் சேர்ந்திருந்த ஆர்த்துவா நாட்டு வீரனொருவனிடம் தன் கையுறையைக் கொடுத்துச் சரணடைந்தான். அன்றிரவு இளவரசன் தானே நின்று அவனுக்கு உணவு பரிமாறினான் என்னும் நிகழ்ச்சியைப் புருவாசார் மிக விரும்பி எழுதியுள்ளார். தோற்றவன் தோல்வியினாலேயே புகழ்பெற்ற அருமையான காட்சி அது. ஆனால் அவ்வேளையில் பிரான்சுக்கு மன்னனில்லை.

மன்னனில்லாத பிரான்சு எவ்வாறிருந்தது என்பதை வரலாறு நன்கறியும். குடித்திணை மன்றம் கூடி, அரச அலுவலரின் ஊழல்களைக் கண்டித்து, 1357 மார்ச்சிற் பெருஞ்சட்டமொன்றை இளவரசன் சாள்சிடமிருந்து பெற்றது. பாரிசு வணிகர் தலைவன் எற்றியன் மார்செல் அதன் உயிர்நாடி. 1358 பெப்புருவரி 22 ஆந் திகதி அவனுடைய ஆட்கள் அரண்மனையிற் புகுந்து, இளவரசனின் கண்முன்னே படைத்தளபதிகள் இருவரை வெட்டினர். அவர்தம் குருதி இளவரசனின் உடையிற் தெறித்தது. அதே ஆண்டு மே மாதத்திற் குடியானவர் கிளர்ந்தெழுந்து பிரபுக்களின் மனைகளைத் தீக்கிரையாக்கினர். சில வாரங்களிற் பிரபுக்கள் அதனினுங் கொடிய முறையிற் பழிதீர்த்தனர். களத்தினின்று ஓடிவந்த பிரபுக்களைக் குடியானவர் வெறுத்தமைக்குப் புவாத்தியேயும் ஒரு காரணம். மார்செல் 1358 சூலை 31 இற் கொலையுண்டான்.

இவையெல்லாம் நிகழுங்கால் யோன் இலண்டனில் தேம்சு நதிக்கரையிலுள்ள சவோய் மாளிகையிலும், பின்னர் வின்சர், ஏட்போட்டு, சொமற்றன் முதலிய கோட்டைகளிலுந் தங்கியிருந்தான். வேட்டையும் விருந்தும் போட்டிப் போரும் அவனுக்குத் தடையின்றிக் கிடைத்தன. அவனுடைய அலுவலர் எழுதிவைத்த கணக்கேடு இன்றும் உள்ளது. உடைகள், குதிரைகள், விகடன் ஒருவனுக்குரிய செலவு என அது விரிகின்றது. அதனைக் கடிந்துரைப்பது எளிது. ஓர் அரசன் சிறையிலும் அரசனாகவே தோன்றுதல் வேண்டுமென்பது அக்கால நெறி. அவ்வாறு தோன்றாதவனுக்கு மீட்புப்பணந் தருவாருமில்லை. ஆயினும் அந்தக் கணக்கேட்டையும் 1358 ஆம் ஆண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படிப்போருக்கு மனம் கசக்கவே செய்யும்.

விடுதலைக்கு விலை பேசப்பட்டது. 1359 இல் யோன் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை பிரான்சின் மேற்குப் பகுதி முழுவதையும் 40 இலட்சம் பொற்காசையும் எட்வேட்டுக்கு அளிப்பதாயிருந்தது. இளவரசன் கூட்டிய குடித்திணை மன்றம் அதனை ஏற்க மறுத்தது. மன்னன் கொடுத்த வாக்கை நாடு மறுத்த அவ்வேளை மிக முக்கியமானது. வாக்கு மன்னனுடையதா, நாட்டினுடையதா என்னும் வினா அன்றுதான் எழுந்தது. சினங்கொண்ட எட்வேட்டு பெரும்படையுடன் வந்தான். ரேம்சைப் பிடிக்க முடியவில்லை. 1360 ஏப்பிரில் 13 ஆந் திகதி சாத்திர் நகருக்கு அண்மையில் ஆலங்கட்டி மழையில் அவனுடைய வீரரும் குதிரைகளும் மாண்டன. மே மாதம் 8 ஆந் திகதி பிரெத்தினி என்னுமிடத்தில் உடன்பாடு முடிந்தது. மீட்புப்பணம் 30 இலட்சம் பொற்காசு: முதலில் 6 இலட்சம், பின்னர் ஆண்டுக்கு 4 இலட்சமாக ஆறு ஆண்டுகள். நாட்டின் மூன்றிலொரு பங்கெனத் தக்க அக்குவித்தேன் பெருநிலம் எட்வேட்டின் முழு இறைமைக்குரியதாகும். மன்னனின் மக்கள் லூயியும் யோனும், தம்பி ஓர்லியன்சு, பூர்போன் கோமகன், இன்னும் பல பிரபுக்கள், பாரிசு முதலான நகரங்களின் செல்வர் ஆகியோர் பணயமாக இங்கிலாந்து செல்வர்.

முதல் தவணையிலும் 4 இலட்சமே திரண்டது. அதனை நிரப்பிய முறை ஒன்று கேட்போர் மனத்தை வருத்தும். மிலான் நகரின் செல்வக் கோமகன் கலியாசோ விசுகொந்தி ஏறக்குறைய 6 இலட்சம் புளோரின் தருவதாகக் கூறி, யோனின் மகள் இசபெல்லாவைத் தன் மகனுக்கு மணம் பேசினான். மணமகளுக்கு வயது 12, மணமகனுக்கு 9. மன்னன் தன் சொந்தத் தசையை விற்றுத் தன்னை மீட்டான் என இத்தாலியில் அன்றே பழி பேசினர். கலியாசோவின் தூதராக 1361 சனவரியிற் பாரிசு வந்து, மன்னனின் விடுதலையை வாழ்த்தியவர் புலவர் பெற்றாக்கு. தாம் இளமையிற் கண்ட செல்வப் பிரான்சு எரிந்து பாழ்பட்டுக் கிடந்தமையைக் கண்டு அவர் திகைத்தனர்.

மீட்புப்பணத்தின் பொருட்டு எழுந்த ஏற்பாடொன்று யோனின் பெயரை நெடுங்காலம் நிலைநிறுத்தியது. 1360 திசெம்பர் 5 ஆந் திகதி கொம்பியேன் நகரிற் பிறந்த கட்டளையால் 'பிராங்கு' என்னும் பொற்காசு வெளிவந்தது. எடை ஏறக்குறைய 3.88 கிராம், மதிப்பு ஒரு தூர்நுவா இலிவர். பாயும் குதிரைமேல் வாளோங்கிய மன்னனின் உருவம் அதிற் பொறிக்கப்பட்டது. அதே கட்டளை விற்பனைப் பொருள்மீதும் மதுவின்மீதும் உப்பின்மீதும் வரிகளை விதித்தது. அவ்வரிகள் அரசமரபு உள்ளவரையும் பல வடிவங்களில் நிலைத்தன. பிராங்கு என்னும் பெயரோ 2002 வரையிற் பிரான்சின் நாணயத்துக்கு வழங்கிற்று.

இந்நாணயத்தைப் பற்றிச் சற்றுத் தங்கிச் சிந்தித்தல் தகும். தன் ஆட்சியின் முதற் பத்தாண்டுகளில் யோன் நாட்டு நாணயத்தைப் பலமுறை மாற்றினான்; வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி, அதனால் வரும் ஆதாயத்தாற் படை நடத்தினான். நாணயத்தில் மன்னனின் பெயர் பொறிக்கப்படுகின்றது. இதன் எடை இவ்வளவு, மாற்று இவ்வளவு என மன்னன் ஒவ்வோர் உழவனுக்கும் ஒவ்வொரு வணிகனுக்குங் கொடுக்கும் வாக்கே அப்பொறி. அறிஞர் நிக்கொல் ஒரேம் ஏறக்குறைய இக்காலத்திலேயே நாணயத்தைப் பற்றி ஒரு நூலெழுதி, நாணயம் அரசனின் உடைமையன்று, மக்கட் சமுதாயத்தின் உடைமை. அதனை இழிவாக்குதல் பொய்யுரைத்தலை ஒக்கும் என்னுங் கருத்தை நிறுவினார். அவ்வாறாயின், எட்வேட்டுக்குக் கொடுத்த வாக்கிற் சிறிதும் தவறாத மன்னன், தன் குடிகளுக்குக் கொடுத்த வாக்கைப் பத்தாண்டு காலமாகத் தவறியே வந்தான். அதனை அவன் மானக்குறைவென எண்ணினான் அல்லன். பரிவீரன் வாக்கென்பது பரிவீரனுக்குக் கொடுப்பது; சந்தைக்கு வருபவனுக்குக் கொடுப்பதன்று. வலிய நாணயத்தை வெளியிட்டபோதும் அதற்கு உடனடிக் காரணமாயிருந்தது பகைவனுக்குச் செலுத்தவேண்டிய கடனே.

உடன்படிக்கையை நிறைவேற்றுவதிலும் இவ்வேறுபாடு விளங்கும். அக்குவித்தேன் நகரங்களையும் கோட்டைகளையும் மன்னனின் அலுவலர் ஒவ்வொன்றாக ஆங்கிலத் தளபதி யோன் சாந்தொசிடம் ஒப்படைத்தனர். குடிகள் விரும்பவில்லை. உலோரோசெல் துறைமுகத்தார் தங்களைப் பிறனுக்குக் கையளிக்க வேண்டாவென மன்னனை மன்றாடினர்; தங்கள் உடைமையிற் பாதியை ஆண்டுதோறும் வரியாக இறுக்கவும் ஒருப்பட்டனர் எனப் புருவாசார் கூறுவர். மன்னன் மனமிரங்கினான், ஆனால் வாக்கு வாக்குத்தான். இதழளவில் ஆங்கிலருக்குப் பணிவோம், நெஞ்சளவில் ஒருபோதும் பணியோம் எனக் கூறி அவர்கள் கதவைத் திறந்தனர்.

மன்னனின் பூட்டனுக்குத் தந்தையாகிய லூயியும் இத்தகைய நிலையில் நின்றதுண்டு. 1250 இல் எகிப்தில் அகப்பட்ட அவன், மீட்புப்பணத்தை எண்ணும்போது தன் ஆட்கள் பகைவரை 10,000 இலிவர் அளவில் ஏமாற்றினரென அறிந்ததும் வெகுண்டு, அதனையுங் கொடுக்கச் செய்தான் என அவனுடன் இருந்த யுவான்வீல் பிரபு எழுதியுள்ளார். ஆனால் லூயி கொடுத்தது பணம். தான் நாடு மீண்டபின் அவன் ஊர்தோறும் விசாரணையாளரை அனுப்பி அலுவலர் செய்த அநீதிகளைத் தேடித் திருத்தினான். வாக்கின் தூய்மை பகைவனிடத்தும் குடியிடத்தும் ஒன்றாயிருந்தது. யோனிடம் அது முதற்பாதியுடன் நின்றுவிட்டது.

1360 க்குப் பிந்திய ஆண்டுகள் விரைவிற் கழிந்தன. போரற்ற கூலிப்படைகள் கூட்டங்கூட்டமாய் நாட்டைச் சூறையாடின. 1362 ஏப்பிரிலிற் பிரிஞே என்னுமிடத்தில் அவை அரசபடையையே முறியடித்தன. யோனோ அவிஞோன் சென்று, 1363 இற் பெரிய வெள்ளியன்று திருத்தந்தை ஐந்தாம் உர்பனிடம் சிலுவைப் போருக்குச் செல்ல விரதம் பூண்டான். தன் நாட்டில் ஒரு வழியுங் காவலின்றிக் கிடக்கையில் எருசலேமை மீட்கக் கிளம்பிய இம்முடிவை விளக்குதல் கடினம். கூலிப்படைகளையே அப்போருக்குக் கூட்டிச்சென்று நாட்டினின்று நீக்கலாமென அவன் எண்ணினான் என்று சிலர் கருதுவர். கருத்து நன்று, நடக்கக்கூடியதாய்த் தோன்றவில்லை. அதே 1363 இற் புவாத்தியேயில் அருகில் நின்ற மகன் பிலிப்புக்குப் பேர்கண்டிக் கோமகன் பட்டத்தை அளித்தான். நன்றியுணர்வாற் செய்த அச்செயலிலிருந்து பிறந்த கோமரபு அரைநூற்றாண்டின் பின் ஆங்கிலருடன் சேர்ந்து பிரான்சிய முடியையே அசைத்தது.

இனிக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். பணயமாயிருந்த அரச மரபினர் நால்வரும் விடுதலை வேண்டி எட்வேட்டுடன் தனி உடன்பாடு செய்து, 1363 இற் கலே நகருக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கிருந்து குறுகிய காலத்துக்கு வெளியே சென்று மீள்வதற்கு அவர்களின் வாக்கே பிணையாயிருந்தது. மன்னனின் இரண்டாம் மகன் அஞ்சுவின் லூயிக்கு வயது 24; 1360 இல் மணந்த இளமனைவியைச் சில மாதங்களிலே பிரிந்து பணயமாகச் சென்றவன். 1363 இலையுதிர் காலத்தில் வெளியே சென்றவன் மனைவியைக் கண்டான், திரும்பவில்லை. தந்தை அழைத்தும் இணங்கவில்லை. அவனைச் சாதாரண மனிதனாக நோக்குவோர் அவன்மீது இரக்கங் கொள்ளாதிரார்.

யோன் திரும்பிச் செல்லத் துணிந்தான். 1363 திசெம்பரில் அமியன் நகரிற் கூடிய மன்றம் கூலிப்படைகளை அடக்க அடுப்பு வரி விதித்து முடிந்ததும், மூத்த மகனிடம் ஆட்சியை ஒப்படைத்தான். ஆலோசகர் தடுத்தனர். 1364 சனவரி 3 ஆந் திகதி பூலோன் துறையிற் கப்பலேறி, மறுநாள் தோவரில் இறங்கினான். கந்தபரி ஆலயத்தில் வணங்கி, எல்தம் மாளிகையில் எட்வேட்டின் வரவேற்பை ஏற்று, பழைய சவோய் மாளிகையிலே மீண்டுந் தங்கினான். மார்ச்சில் நோயுற்று, ஏப்பிரில் 8 ஆந் திகதி இறந்தான். வயது 44.

ஏன் சென்றான்? உலகில் வாய்மை எங்கும் அற்றுப்போயினும் மன்னர் நெஞ்சில் அது வாழவேண்டுமென அவன் கூறியதாக வழங்குங் கூற்று பிற்காலத்தார் அவன் வாயில் வைத்தது. மகன் செய்த பிழைக்கு ஈடுசெய்யவே சென்றான் என்பது புருவாசார் கூற்று. வேடிக்கையின் பொருட்டே சென்றான் எனச் சிலர் பேசினர் என்று பாரிசுத் துறவியொருவர் குறித்து வைத்துள்ளார். இலண்டன் மாதொருத்தியைக் கதையிற் சேர்த்தவரும் உண்டு. இக்கால ஆய்வாளர் வேறு காரணங்களைக் காட்டுவர்: தவணைகள் தவறிவிட்டன, நேரிற் பேசினால் எட்வேட்டு மனமிளகலாம், சிலுவைப் போருக்கு அவனையுந் துணை கொள்ளலாம். இவையெல்லாம் பொருந்துவனவே. ஆயினும், பேச்சுவார்த்தைக்குத் தூதரை அனுப்புதல் வழக்கம். மன்னன் தானே பகைவன் கையகப்படச் செல்லுதல் வழக்கமன்று. மன்னன் சென்றமைக்குக் காரணங்கள் பலவாயினும், அவன் தன் உடலையே கொண்டுசென்றமைக்குக் காரணம் ஒன்றே என்பது என் துணிபு. கொடுத்த வாக்குக்குத் தன் மரபில் ஒருவன் குறைவிட்டான். அக்குறையை மரபின் தலைவன் தன் உடலால் நிரப்பினான். பரிவீர அறத்தில் இதற்குமேற் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதனை நகைப்போர் உலகியல் அறிந்தோராயிருக்கலாம். எனினும் ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அச்செயலை நினைக்குந்தோறும் தலைவணங்காதிருத்தல் அரிது.

நாட்டுக்கு அதனால் விளைந்த நன்மை யாது எனின், ஒரு நன்மை உண்டு, அவன் கருதியதன்று. அவன் இறந்தமையால் ஆட்சி சாள்சிடம் முழுமையாய் வந்தது. உடல்நலங் குன்றி, புவாத்தியேக்குப்பின் ஒரு களத்திலும் படை நடத்தாது, லூவரில் நூல்களைத் திரட்டி வாசித்த ஐந்தாம் சாள்சு, தந்தை வாளால் இழந்தவற்றைச் சட்டத்தால் மீட்டான். பிரெத்தினி உடன்பாட்டை 1360 ஒத்தோபரிற் கலேயில் உறுதிசெய்தபோது, பிரான்சு தன் மேலாணையையும் எட்வேட்டு பிரான்சிய முடியுரிமையையும் துறக்கும் வாசகங்கள் தனிப் பத்திரமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நிலங்கள் கைமாறியபின் அத்துறவுகளைப் பரிமாறுவதென்பது ஏற்பாடு. அஃது ஒருபோதும் நிகழவில்லை. ஆகவே அக்குவித்தேனின் மேலாணை இன்னும் பிரான்சிய முடிக்கே உரியதென சாள்சின் சட்டவறிஞர் கூறினர். கறுப்பு இளவரசன் விதித்த அடுப்பு வரியை எதிர்த்து ஆர்மன்யாக்குக் கோமகன் 1368 இற் பாரிசில் முறையிட்டபோது, அம்முறையீட்டை சாள்சு ஏற்றான். 1369 இற் போர் மூண்டது. மீட்புப்பணத்தின் மிகுதி பின்னர் ஒருநாளும் செலுத்தப்படவில்லை.

சாள்சு செய்தது வஞ்சனை என ஆங்கிலர் பழித்தனர். அவன் தந்தை உயிரோடிருந்தாற் செய்திருக்கமாட்டான் என்பது உறுதி. ஆயினும் உடன்படிக்கையின் எழுத்தை அவன் மீறினானில்லை, எழுத்தை நன்கு வாசித்தான் என்பதே உண்மை.

1372 இல் உலோரோசெல் நகரத்தார் தம் கோட்டையிலிருந்த ஆங்கிலக் காவற்படையைச் சூழ்ச்சியால் வெளியேற்றினர். பிரான்சியப் படை வாயிலில் வந்து நின்றபோது அவர்கள் உடனே கதவைத் திறக்கவில்லை. முதலில் மன்னனின் முத்திரையிட்ட பத்திரம் வேண்டுமென்றனர். நகரை அடக்கி நின்ற கோட்டையை இடித்துவிட வேண்டும். உடன்படிக்கையாலோ மணவினையாலோ வேறெக்காரணத்தாலோ இந்நகரம் இனி ஒருநாளும் பிரான்சிய முடியினின்று பிரிக்கப்படலாகாது என அதில் எழுதவேண்டும் எனக் கேட்டனர். சாள்சு எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தான். அதன் பின்னரே கதவு திறந்தது.